நாக்கா, பல்லா?

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவின் பாறைகளில் முக்கோண வடிவமாய், வழவழப்பாய், நுனி கூர்மையாய் ஒருவகைக் கற்கள் கிடைக்கின்றன. ஐரோப்பியப் பிரபுக்கள் பல நூற்றாண்டு காலம் இவற்றைப் பொன்னிலும் வெள்ளியிலும் பதித்துச் சாப்பாட்டு மேஜையின் மீது வைத்துக்கொண்டார்கள். அலங்காரத்துக்காக அல்ல. மது நிறைந்த கிண்ணத்தில் இந்தக் கல்லைத் தோய்த்தெடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பினார்கள். பெரிய இடத்து விருந்துகளில் பசியைவிட அந்தப் பயம்தானே அதிகம்?

இவற்றுக்கு 'நாக்குக் கல்' என்று பெயர். புனித பவுலை மால்டாவில் பாம்பு தீண்டியதாம். அவர் சபிக்கவே, தீவிலுள்ள பாம்புகளின் நாக்கெல்லாம் கல்லாகிவிட்டனவாம். ரோமாபுரியில் இருந்த பிளினி என்ற அறிஞர், சந்திர கிரகணத்தின்போது இவை ஆகாயத்திலிருந்து விழுகின்றன என்று தாம் கேள்விப்பட்டதை எழுதி வைத்தார்.

நேயர்கள் சிரிக்க அவசரப்பட வேண்டாம். நம் வீட்டுப் பூஜைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமம், கண்டகி நதியில் கிடைப்பது. இமயமலை எழுவதற்கு முன்பு அங்கே இருந்த சமுத்திரத்தில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் பிராணியின் ஓடு கல்லாகியே அந்தச் சக்கர ரேகை உண்டாயிற்று. இதைத் தெரிந்துகொள்வதனால் பக்திக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை.

நாக்கு பல்லான கதைக்கு வருவோம். 1666-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே செம்படவர்கள் பிரமாண்டமான சுறா ஒன்றைப் பிடித்தார்கள். அதன் தலையை பிளாரென்ஸ் நகருக்கு அனுப்பும்படி அந்நாட்டு அதிபர் உத்தரவிட்டார். அதை அறுத்துப் பார்க்கும் வேலை நிக்கலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் தேசத்து இளைஞருக்குக் கிடைத்தது. வாயைத் திறந்து பார்த்தவருக்கு நாக்குக் கற்களின் ஞாபகம் வந்தது. அதே முக்கோணம், அதே விளிம்பு! பாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் 1616-லேயே இதைச் சொல்லியிருந்தார். ஆனால் உலகம் காது கொடுக்கவில்லை. ஸ்டெனோ அதோடு நிற்காமல் மேலும் ஒரு கேள்வி கேட்டார். சுறாவின் பல் மலைப் பாறைக்குள் எப்படிப் புகுந்தது? அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும். சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். அடியில் உள்ள அடுக்கே மூத்தது. 1669-இல் அவர் வெளியிட்ட இந்தக் கொள்கையே இன்றும் பூகர்ப்ப சாஸ்திரத்தின் பாலபாடம்.

இவ்வளவு பல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சுறாமீனைச் சமைத்த கைகளுக்கு விடை பாதி தெரியும். அதற்குக் கெட்டியான எலும்பு கிடையாது, உள்ளதெல்லாம் குருத்தெலும்பு. செத்தால் உடம்பு மக்கிப் போகிறது. பல் மட்டும் தங்குகிறது. அன்றியும் சுறா பொக்கை வாயாவதே இல்லை. ஒரு பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து மற்றொன்று முன்னே வந்துவிடும். இவ்விதம் ஒரே சுறா தன் ஆயுளில் ஆயிரக் கணக்கான பற்களை உதிர்த்துவிடுகிறது.

அப்படி உதிர்ந்தவை இன்று அலையோடு கரைக்கு வருகிற இடங்கள் உலகில் பல. அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யத்தின் கால்வர்ட் கடற்கரை அவற்றில் பெயர் பெற்றது. செஸபீக் விரிகுடாவின் ஓரமாகச் செங்குத்தான மண் பாறைகள், சில இடங்களில் 100 அடிக்கு மேல், நிற்கின்றன. சுமார் ஒரு கோடி முதல் இரண்டு கோடி வருஷங்களுக்கு முன்பு கடலடியில் படிந்த மண் அது. மழையும் அலையும் அதைக் கரைக்கக் கரைக்க, பற்கள் மணலில் உதிர்கின்றன. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் குனிந்த தலை நிமிராமல் அங்கே நடக்கிறார்கள்.

கறுப்பாகப் பளபளப்பதெல்லாம் பல் ஆகிவிடாது. கிளிஞ்சல் துண்டும் கூழாங்கல்லும் எத்தனையோ பேரை ஏமாற்றுகின்றன. பல்லுக்கு இரண்டு பாகம் உண்டு: பீங்கான் போல் வழவழக்கும் மேற்பாகம், நுண்ணிய துளைகளோடு மங்கலாயிருக்கும் வேர். இவ்விரண்டும் சேருமிடம் கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

நிறத்தைக் கொண்டு வயது சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இப்போது நீந்தும் சுறாவின் பல் வெண்மையானது. மண்ணில் நெடுங்காலம் புதைந்தது அந்த மண்ணிலுள்ள தாதுக்களை ஏற்றுக் கறுப்போ சாம்பலோ பழுப்போ ஆகிறது. ஆகவே கரும்பல் பழம்பல் என்பது வரை சரி. அதைவிடக் கறுத்தது அதைவிடப் பழையது என்றால் தவறு. நிறம் என்பது கிடந்த மண்ணின் குணம்.

இனி, யாருடைய பல்? ஊசி போல் நீண்டு மெலிந்து, விளிம்பு வழுவழுப்பாய், அடியில் இருபுறமும் குட்டிக் கூர்கள் நின்றால், அது மணற்புலிச் சுறா. சேவலின் கொண்டை போல ஒருபுறம் சாய்ந்து, பின்புறத்தில் வெட்டும், அதன் கீழே தடித்த ரம்பமும் இருந்தால் புலிச்சுறா. அகன்ற முக்கோணமாய் விளிம்பில் ரம்பமே இல்லாமல் கத்தி போல் இருப்பதை நெடுங்காலம் மாக்கோ சுறா என்று சொல்லி வந்தார்கள். அது இன்றைய பெரு வெள்ளைச் சுறாவின் முன்னோர் என்பதே இப்போது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. பல் மாறவில்லை, பெயர்தான் மாறிற்று.

நம் மனத்தைக் கவர்ந்தது ஹெமிப்ரிஸ்டிஸ் என்பது. மேல்தாடைப் பல்லின் விளிம்பு முழுவதும் முரட்டு ரம்பம்; நுனி மட்டும் வழவழப்பு. கீழ்த்தாடைப் பல்லோ கொக்கி போன்ற ஒல்லி முள். இரண்டும் ஒரே வாயில் இருந்தன என்று சத்தியம் செய்தாலும் நம்பத் தோன்றாது. இந்த வம்சத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே இனம் இந்து மகாசமுத்திரத்திலும் அதற்குக் கிழக்கேயுள்ள கடல்களிலும் இன்றும் உலாவுகிறது.

எல்லோரும் தேடுவது மெகலடான். முப்பத்தாறு லட்சம் வருஷங்களுக்கு முன்பே மறைந்துபோன ராட்சசச் சுறா. அதன் பல் 7 அங்குலம் வரை உண்டு. வெள்ளைச் சுறாவின் பல் 3 அங்குலத்தை எட்டுவதே அரிது. ஆனால் மெகலடானுக்கும் சிறு பற்கள் இருந்தன. ஆகையால் அளவுகோல் மட்டும் போதாது. மெகலடான் பல் தடிமனானது. அதன் ரம்பம் நுண்ணியது, ஒரே சீரானது. உட்புறத்தில் மேற்பாகத்துக்கும் வேருக்கும் நடுவே ஒரு தனிப் பட்டை தெரியும். வெள்ளைச் சுறாவின் ரம்பம் பெரியது, ஒழுங்கற்றது. அந்தப் பட்டையும் கிடையாது. அலையில் உருண்ட பல்லில் ரம்பம் தேய்ந்து போயிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வேரை ஒட்டிய இடத்தில் நகத்தால் வருடிப் பார்த்தால் சில சமயம் மிச்சம் தட்டுப்படும். அதுவும் இல்லையென்றால், 'இனம் தெரியாதது' என்று எழுதி வைப்பதே யோக்கியம். உடைந்த பல்லையெல்லாம் மெகலடான் என்று பறைசாற்றுவது விற்பவர்களுக்கு லாபம், வாங்குகிறவர்களுக்கு அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாகவே சொல்லுவோம். மணலில் கிடப்பதைப் பொறுக்குவது வேறு, நிற்கும் பாறையைக் குடைவது வேறு. கால்வர்ட் பாறைகள் எச்சரிக்கை இல்லாமல் சரிகின்றன. அங்குள்ள அரசாங்கப் பூங்காவில் பாறைகளுக்கு அடியில் நடப்பதற்கே தடை. தோண்டவும் அனுமதி இல்லை. பெரிய பல் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை மூட்டி, அந்த மண்சுவருக்குக் கீழே அவர்களை நிறுத்துகிற பெற்றோரை என்னவென்று சொல்வது? சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிளாரிடா ராஜ்யத்தில், அரசாங்கத்துக்குச் சொந்தமான இடத்தில், முதுகெலும்புப் பிராணிகளின் கல்லான எலும்பை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சுறாப் பல்லுக்கு மட்டும் வேண்டாம்.

நம் நாட்டில் இதற்குக் கடற்கரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கடலிலிருந்து வெகு தூரம். ஆனால் சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. காரை என்ற ஊரின் களிமண்ணில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. சிப்பிகளை நொறுக்கித் தின்ற டைகோடஸ் என்னும் சுறாவின் தட்டைப் பற்களும் அவற்றில் உண்டு. முக்கோணத்தையே எதிர்பார்த்துப் போகிறவன் அதைப் பல் என்றே எண்ணமாட்டான்.

எங்கே எடுத்தாலும், எடுத்த இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பல்லோடு சேர்த்து வைக்க வேண்டும். கால்வர்ட் கரையிலிருந்து சற்றுத் தூரத்தில் சாலமன்ஸ் என்ற ஊரில் கடல்சார் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அந்தப் பாறைகளிலிருந்து கிடைத்த பற்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நம் கையிலுள்ளதை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சீட்டில் மூன்றாவது வரியாகப் பெயரை எழுதிக்கொள்ளலாம்.