ஆளில்லா வீட்டில் அறிமுகமில்லாதவருடன்

1986ம் ஆண்டு ஜூலை 28ம் தேதி, திங்கள்கிழமை. இலண்டன் மாநகரின் ஃபுல்லம் பகுதியில் வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவந்த 25 வயது இளம்பெண் சூசி லாம்ப்லூ, நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் அலுவலகத்தைவிட்டுப் புறப்பட்டார். ஷாரோல்ட்ஸ் சாலையில் விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டை ஒருவருக்குக் காட்டவேண்டும். பகல் 12.45 மணி, மிஸ்டர் கிப்பர், எண் 37, வீட்டுக்கு வெளியே சந்திப்பு. அலுவலக நாட்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான். அவருடைய வெள்ளைநிற கார் அன்றிரவே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், வேறொரு தெருவில் நின்றுகொண்டிருந்தது. பணப்பை காருக்குள் இருந்தது, சாவி இல்லை. சூசி திரும்பி வரவேயில்லை. அவரது உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

வேறொரு பெண்ணைக் கொலைசெய்த வழக்கில் 1989ம் ஆண்டு ஆயுள் தண்டனை பெற்ற ஜான் கேனன் என்பவரைத்தான் சந்தேகிப்பதாக, 2002ம் ஆண்டில் இலண்டன் காவல்துறை வெளிப்படையாகவே சொன்னது. சூசி காணாமல்போவதற்குச் சில நாள்களுக்கு முன்னரே அவர் விடுதலையாகியிருந்தார். ஆயினும் வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை. 2024ம் ஆண்டு நவம்பரில் அவர் சிறையிலேயே இறந்துபோனார். அந்தக் கிப்பர் யார் என்பது இன்றும் உறுதிசெய்யப்படவில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த நிகழ்வை இப்போது ஏன் பேசவேண்டும் எனக் கேட்கலாம். வங்கிப் பணியாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே ஒரு மேசை இருக்கின்றது. மருத்துவர் இருக்கும் அறைக்கு வெளியே செவிலியர் இருக்கின்றார். வீட்டுத் தரகரோ, ஆளில்லாத ஒரு வீட்டின் பூட்டைத் தம் கையாலேயே திறந்து, தொலைபேசியில் மட்டுமே பேசியிருக்கும் ஒருவரை உள்ளே அழைத்துச் செல்கின்றார். போதாததற்கு, தம் புகைப்படத்தையும் அலைபேசி எண்ணையும் தாமே ஊரெங்கும் விளம்பரப்படுத்துகின்றார். யார் அழைத்தாலும் போகவேண்டும் என்பதே இத்தொழிலின் அடிப்படையாகிவிட்டது. வருகிறவர்களில் மிகப்பெரும்பாலோர் வீடு வாங்கவே வருகின்றனர் என்பது உண்மைதான். குடித்துவிட்டு வருபவர், விலை படியாததால் கத்துபவர், வீட்டைப் பார்த்தபின் நள்ளிரவிலும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பவர் என, கொலை அளவுக்குப் போகாத தொல்லைகள் எவ்வளவோ உண்டு. அவை செய்தித்தாளில் வருவதில்லை, அவ்வளவே.

சூசியின் பெற்றோர் டயானா, பால் லாம்ப்லூ ஆகிய இருவரும் அதே 1986ம் ஆண்டின் இறுதியில், மகளின் பெயரால் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினர். தனியாகப் பணிபுரிவோரின் பாதுகாப்பு என்பதை ஒரு பாடமாகவே பிரித்தானிய நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அறக்கட்டளை. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்போரால் அவதிப்படுபவர்களுக்கான தேசிய உதவித் தொலைபேசிச் சேவையையும் 2010ம் ஆண்டு முதல் அதுவே நடத்திவருகின்றது. மகளுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாமலேயே டயானா அவர்கள் 2011ம் ஆண்டிலும், பால் அவர்கள் 2018ம் ஆண்டிலும் இறந்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு இதே பாடம் 2014ம் ஆண்டில் வந்தது. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் பகுதியில் பெவர்லி கார்ட்டர் என்ற அனுபவமிக்க முகவர், செப்டம்பர் 25ம் தேதி மாலையில் ஸ்காட் என்ற ஊரில் ஒரு வீட்டைக் காட்டச் சென்றார். அழைத்தவர்கள் தங்களை வீடு தேடும் கணவன் மனைவி எனச் சொல்லியிருந்தனர். உண்மையான எண்ணை மறைக்கும் செயலி ஒன்றின் வழியாகத் தொடர்புகொண்டிருந்தனர். செல்லும் இடத்தைப் பெவர்லி தம் கணவரிடம் சொல்லியிருந்ததால், அவர் வீடு திரும்பாதபோது கணவர் நேராக அங்கே சென்றார். கார் நின்றது, கைப்பை அதற்குள் இருந்தது, பெவர்லி இல்லை. ஐந்து நாள்களுக்குப் பின் அவரது உடல் கிடைத்தது. பிணையத்தொகைக்காகக் கடத்தியிருந்தனர். பெவர்லியை ஏன் தேர்ந்துகொண்டாய் எனச் செய்தியாளர்கள் கேட்டபோது, அவர் தனியாக வேலைசெய்யும் பணக்காரத் தரகர் என்ற பொருள்படக் குற்றவாளி பதில் சொன்னார். 2016ம் ஆண்டில் அவருக்கு ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது.

அந்தப் பதிலை நாம் கவனிக்கவேண்டும். முன்பகை இல்லை, அறிமுகமும் இல்லை. விளம்பரத்தில் தெரிந்த வசதியான தோற்றமும், தனியாக வருவார் என்ற உறுதியும் போதுமாயிருந்தன.

இன்று இத்துறையில் சொல்லித்தரப்படும் வழக்கங்கள் பெரும்பாலும் இத்தகைய நிகழ்வுகளிலிருந்து பிறந்தவைதாம். முதல் சந்திப்பு வீட்டில் அல்ல, அலுவலகத்தில். புகைப்படம் உள்ள அடையாள அட்டையின் நகல் அலுவலகத்தில் இருக்கவேண்டும். வீட்டுக்குள் வாடிக்கையாளரை முன்னே விட்டுப் பின்னால் செல்லவேண்டும், நிலவறைக்கும் மாடத்துக்கும் கூடவே இறங்கவோ ஏறவோ கூடாது, கதவருகே நின்றுகொண்டு போய்ப் பாருங்கள் எனச் சொன்னால் போதும். காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் கார் வழியை அடைத்துவிடும், எனவே தெருவிலேயே நிறுத்தவேண்டும். சில அலுவலகங்களில் ஒரு குறிச்சொல்லும் உண்டு. அந்தச் சிவப்புக் கோப்பை எடுத்துவையுங்கள் என முகவர் தொலைபேசியில் சொன்னால், ஆபத்து, ஆளனுப்புங்கள் எனப் பொருள். எதிரில் நிற்பவருக்கு அது சாதாரண அலுவலகப் பேச்சாகத்தான் கேட்கும்.

இவையெல்லாம் எளிய வழிகள். பிறகு ஏன் பலரும் கடைப்பிடிப்பதில்லை? அச்சமின்மை ஒரு காரணமாயிருக்கலாம், ஆனால் பணமே முதல் காரணம் என நாம் நினைக்கின்றோம். அமெரிக்காவில் முகவர்களில் பெரும்பாலோர் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். விற்றால் தரகுப்பணம், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. உடனே வாருங்கள், ரொக்கமாகவே வாங்குகிறேன் என ஒருவர் மாலை 6 மணிக்கு அழைக்கும்போது, நாளை அலுவலகத்திற்கு வாருங்கள் எனச் சொல்லும் துணிவு எத்தனைபேருக்கு வரும்? அவர் அடுத்த நிமிடமே வேறொருவரை அழைத்துவிடுவார். சட்டமும் இவர்களைப் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகவே கருதுவதால், பணியாளரின் பாதுகாப்புக்கு முதலாளி காட்டவேண்டிய பொறுப்பு இவர்களுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறு. அங்கே தரகு நிறுவனங்களில் இருப்போர் பெரும்பாலும் சம்பளப் பணியாளர்கள். 1974ம் ஆண்டின் பணியிட நலவாழ்வு மற்றும் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் தலையில் பொறுப்பை வைக்கின்றது. தனிமனிதர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் எனச் சொல்லிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாரை நம்புவது என்பதை உள்ளுணர்விடம் மட்டும் விட்டால், அது பல வேளைகளில் தோல் நிறத்தையும் பேச்சு வழக்கையும் பார்த்தே முடிவெடுக்கும். அமெரிக்காவின் 1968ம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்கின்றது. அடையாள அட்டை கேட்பதென்றால் எல்லாரிடமும் கேட்கவேண்டும். பெவர்லியை ஏமாற்றியவர்கள் சந்தேகத்தைத் தூண்டும் தோற்றத்தில் வரவில்லை, வீடு தேடும் குடும்பமாக வந்தனர் என்பதையும் இங்கே நினைக்கவேண்டியுள்ளது.

2024ம் ஆண்டு ஆகஸ்ட் 17ம் தேதி முதல், அமெரிக்காவின் தேசிய வீட்டு முகவர் சங்கத்தினர், ஒரு வீட்டைக் காட்டுவதற்கு முன்னரே வாங்குபவருடன் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. தரகுப்பணம் பற்றிய வழக்கின் சமரசத்தில் வந்த விதி அது, பாதுகாப்பை மனதில்வைத்து எழுதப்பட்டதல்ல. ஆனாலும் இதன் பயனாக, பூட்டைத் திறப்பதற்கு முன் ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் கிடைத்துவிடுகின்றன. அத்துடன் அடையாள அட்டையையும் கேட்பதற்கு இதைவிட இயல்பான தருணம் முகவருக்கு அமையாது.

கனடாவின் டொரோண்டோவில் வெளிவரும் தமிழ் இதழ்களைப் புரட்டினால், பக்கம் பக்கமாக நம்மவர்களின் சிரித்த முகங்களும் அலைபேசி எண்களும்தான். புலம்பெயர்ந்து சென்ற முதல் தலைமுறையில் பலருக்கு இது இரண்டாவது வேலை. பகலில் வேறு பணி, மாலையிலும் வார இறுதியிலும் வீடு காட்டுதல். குளிர்காலத்தில் அங்கே மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். அந்த வேளையில் அம்மா எந்தத் தெருவில், எந்த எண் வீட்டில், யாருடன் இருக்கின்றார் என்பது வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கின்றதா எனப் பலரிடம் கேட்டுப் பார்த்தால், அலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பார் என்பதே பதிலாக வரும்.