அம்மா அறைக்கும் கொஞ்சம் சூடு

தில்லியில் நம் வீடுகளுக்குக் குளிர் வந்துவிட்டதென்று முதலில் சொல்வது தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். எண்ணெய் உறைந்ததும் பரணிலிருந்து ரஜாய் இறங்கும், குரங்குக் குல்லாய் வெளியே வரும். இப்போதெல்லாம் ஹாலில் இருக்கும் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏ.ஸி.யும் சூடாக ஓடத் தொடங்குகிறது. குடும்பம் முழுவதும் டி.வி.க்கு முன்னால் கதகதப்பாக உட்கார்ந்திருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மாவோ அப்பாவோ மட்டும் பின்னறையில், சிவந்த கம்பி ஹீட்டருக்குப் பக்கத்தில். “ராத்திரி முழுக்கப் போடாதே, பில் ஏறிடும்” என்ற உபதேசமும் உண்டு.

இரண்டாவது அறைக்குச் சூடு வேண்டும் என்றால் அந்த அறை அவர்களுடையதாக இருக்கட்டும் என்பது என் கட்சி. பிள்ளைகள் படிக்கும் அறையும் கணவன், மனைவி அறையும் பிறகு வரட்டும்.

எங்கள் வீட்டிலும் முதலில் ஹால்தான். ஒரு ஜனவரி விடியற்காலையில் எழுந்து பார்த்தால் என் தாயார் சோபாவில் சுருண்டு கிடக்கிறார். “அங்கே கால் விறைச்சுப் போறதுடா” என்றார். பத்து நாட்களாக அப்படித்தானாம். காவிரிக் கரையில் எழுபது வருஷம் இருந்தவருக்கு 4 டிகிரி, 5 டிகிரி எல்லாம் எப்படித் தாங்கும்? 2021 புத்தாண்டு தினத்தன்று தில்லியில் 1.1 டிகிரி வரை இறங்கியது. நம் வீடுகளோ வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. மொஸைக் தரை, ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது வேண்டும், முதியோருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

ஹால் மெஷினிலிருந்தே ஒரு குழாய் இழுத்துப் பின்னறையில் இன்னொரு பெட்டி மாட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. சாதாரண ஸ்பிளிட் ஏ.ஸி.யின் வெளிப்பெட்டி, உள்ளே ஒரே ஒரு பெட்டிக்குக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. ஒரே வெளிப்பெட்டியில் இரண்டு, மூன்று அறைகளை இணைக்கும் ‘மல்ட்டி ஸ்பிளிட்’ தனி ரகம். பால்கனியில் இரண்டு வெளிப்பெட்டிக்கு இடமே இல்லாதவர்கள் அதை யோசிக்கலாம். ஆனால் வெளிப்பெட்டி படுத்துவிட்டால் எல்லா அறையும் படுத்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் ஹால் சூடு பின்னறைக்குப் போய்விடும் என்பதும் பெரும்பாலும் ஆசைதான். சூடான காற்று கூரையை ஒட்டியே நிற்கும். ஆகவே அந்த அறைக்கென்று முக்கால் அல்லது ஒரு டன்னில் தனி மெஷின் போடுவதே நேர்வழி. வாங்கும்போது சூடும் தரும் ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் இருப்பதில் பெரும்பாலானவை குளிர் மட்டுமே தருபவை, பிறகு மாற்ற முடியாது.

செலவைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தப்புக் கணக்கு. ஏ.ஸி. என்றால் பில் எகிறும், ஹீட்டர் சிக்கனம் என்று நினைக்கிறோம். 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் எரிந்தால் 16 யூனிட். அது ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் சூடாக்குகிறது, அவ்வளவுதான். ஏ.ஸி. சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இறைக்கிறது. தில்லிக் குளிரில் ஒரு யூனிட் செலவில் இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அதே சூட்டுக்கு ஆறேழு யூனிட் போதும். எதுவும் எரிவதில்லை என்பதால் புகையும் இல்லை. மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்கி, கார்பன் மோனாக்ஸைடால் உயிர் போகும் செய்தி வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது.

முதல் செலவு பெரிதுதான், மறுக்கவில்லை. பழைய பிளாட்டுகளில் தனி ஒயர், தனி எம்.ஸி.பி. வேண்டியிருக்கும். அனுமதித்த லோடைத் தொடர்ந்து மீறினால் மின் கம்பெனி அதை உயர்த்திவிடும், நிலைக் கட்டணமும் ஏறும். வாடகை வீடென்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால் ஜன்னல் இடுக்கை அடைத்து, கனத்த திரை போட்டு, தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். அதற்குச் சில நூறு ரூபாய்தான், இன்று மாலையே செய்துவிடலாம்.

பெரிய தடை அவர்களேதான். “எனக்கெதுக்கு, ரெண்டு மாசக் குளிர்தானே” என்பார்கள். மே மாத வெயிலுக்கும் இதே மெஷின்தான் என்று சொல்லுங்கள். வாதம் எடுபடாவிட்டால், கேட்காமலே மாட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மாட்டியபின் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி, 20, 22 டிகிரியில் வையுங்கள். பனிமூட்டமான இரவில் மெஷின் சில நிமிஷம் நின்று, வெளிப்பெட்டியிலிருந்து ஆவி போல் கிளம்பும். பயப்பட வேண்டாம், அது தன்மேல் படிந்த உறைபனியைக் கரைக்கிறது. அறைக் காற்று உலர்ந்துபோகும், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாம். ரிமோட்டில் சூரியன் படம் போட்டிருக்கும் பட்டனைக் காட்டிக் கொடுத்து, அதை அவர்கள் தலைமாட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். என் தாயார் முதல் வாரம் இரவு ஒன்பதுக்குப் போட்டுப் பத்துக்கு அணைத்துக்கொண்டிருந்தார். இப்போது விடியும்வரை ஓடுகிறது.