ஆக்ஷேபம் இல்லாத அரிச்சுவடி

தத்துவம் பயில விரும்பும் புதியவர்களுக்கென்று இணையத்தில் தமிழிலே ஒரு பாடவரிசை வெளிவந்திருப்பதையும், அதனைக் கண்டித்துச் சக இதழ் ஒன்று தன் சென்ற ஏட்டில் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டிருப்பதையும் நம் வாசகர் அறிவர். தத்துவ சாஸ்திரம் அதிகாரம் பெற்றவனுக்கே உரியது என்றும், அதனை எளிமைப்படுத்துவோர் அதனைக் கொலை செய்கிறார்கள் என்றும், மூலநூல்களோடு மல்லாடத் தயங்குகிறவன் வேறு வேலை பார்க்கலாம் என்றும் அக்கட்டுரையாசிரியர் தீர்ப்பளித்திருக்கிறார். இத்தகைய தீர்ப்பு வழங்குகிறவர்கள், தாங்கள் முதன்முதலில் கையிலெடுத்த புத்தகம் எது என்பதை மட்டும் ஏனோ பிரஸ்தாபிப்பதில்லை.

எளிய நூல் எழுதுவது குற்றமென்றால் கூண்டில் முதலில் ஏற்றப்பட வேண்டியவர் அன்னம்பட்டர். 17ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அந்தப் பண்டிதர், பாலர்கள் சுகமாய் அறிந்துகொள்வதற்கென்றே தர்க்க சங்கிரகத்தை இயற்றியதாகச் சொல்லிக்கொண்டார். அதனைத் தமிழில் கொணர்ந்தவரோ, சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்ட சிவஞான முனிவர். அதே சூத்திரங்களுக்கு அவரே ஒரு சிற்றுரையும் வரைந்தார். மாபாடியம் நெடுங்காலம் மடத்துச் சுவடியாகவே இருந்துவிட்டபடியால், சைவ சித்தாந்தம் பயின்றோர் பலருக்கு அந்தச் சிற்றுரையே வழித்துணையாயிற்று.

  

ஆனால் சக இதழின் வாதம் பொய்யென்பதனால் பாடவரிசை மெய்யாகிவிடாது. அதனை முழுவதும் படித்தோம். தரிசனத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு முடிவு என்ற கணக்கில், சங்கரர் இன்னது சொன்னார், ராமாநுஜர் இன்னது சொன்னார், காண்ட் இன்னது சொன்னார் என்று வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாரை எதிர்த்து, எந்த நெருக்கடியில், எந்த ஆக்ஷேபத்துக்குப் பதிலாகச் சொன்னார்கள் என்பது எங்குமே இல்லை. எதிர்வாதமாகிய பூர்வபக்ஷத்தை நீக்கிவிட்டு முடிவாகிய சித்தாந்தத்தை மட்டும் பரிமாறுவது, விடுகதையைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிக்கச் சொல்வதைப் போன்றது.

பாலர்களுக்கென்று எழுதிய அன்னம்பட்டர் அப்படிச் செய்யவில்லை. மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிக்கலாம் என்று கற்பித்த அவரே, நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது என்பதையும் உடனே கற்பிக்கிறார்; பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை; ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. அத்தனை சிறிய நூலிலே, அனுமானத்துக்குரிய காரணமாகிய ஹேதுவைப் போலத் தோன்றி ஏமாற்றும் ஐவகை ஹேத்வாபாசங்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். அதுவும் போதாதென்று தம் நூலுக்குத் தாமே தீபிகை என்னும் உரை எழுதி, தம் இலக்கணங்களின் மீதே ஆக்ஷேபங்களை எழுப்பிச் சமாதானம் சொல்கிறார். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதமும் தத்துவ விளக்கத்தோடு முற்றுப்பெற்றுவிடாமல், சந்தேகந் தெளிதற்கென்றே தனிப் படலம் வகுத்துக்கொண்டது. சீடன் சந்தேகிப்பான், சந்தேகிக்க வேண்டும் என்ற மரியாதை அந்நூல்களில் இருக்கிறது.

மேற்கிலும் இதற்குச் சான்றுண்டு. அரிஸ்டாட்டிலின் பதார்த்த நூலுக்குள் புகுவோருக்காகப் போர்ஃபிரி எழுதிய சிறு முன்னுரை நூல், சாமான்யங்கள் தாமாகவே உள்ளனவா, புத்தியில் மட்டும் உள்ளனவா என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பி, ஆரம்ப மாணாக்கருக்கு இது மிக ஆழம் என்று சொல்லி ஒதுக்கிவைத்தது. போயீதியஸ் அதனை லத்தீனுக்குக் கொண்டுபோய் உரையும் எழுதினார்; அந்த ஒதுக்கிவைத்த கேள்வியைப் பற்றிக்கொண்டுதான் அபெலார்டு உள்ளிட்ட இடைக்காலத்துப் பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்டார்கள். ரஸ்ஸல் 1912இல் பொதுவாசகருக்கென எழுதிய சிறு புத்தகமும், எதிரேயிருக்கும் மேஜை உண்மையிலேயே இருக்கிறதா என்ற தொல்லையில்தான் வாசகனைத் தள்ளுகிறது.

ஆனால் அந்தப் பாடவரிசைக்காரர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அவர்கள் நம் சிற்றிதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள். இருத்தலியல் வந்தது, ஹுஸ்ஸர்லின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் சார்த்தரை முழங்கினார்கள். அமைப்பியல் வந்தது, சசூர் எந்த மொழிநூலாரோடு பிணங்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன் ஈரம் காயுமுன் பின்னமைப்பியல் வந்தது. எதற்குப் பின் என்று கேட்டவன் பாமரனானான். கடினமான நடையில் எழுதப்பட்ட காரணத்தினாலேயே அவை பற்றிய கட்டுரைகள் ஆழமானவையென்று நம்பப்பட்டன. உள்ளே பார்த்தால் அங்கேயும் முடிவுகள்தாம் இருந்தன, வழக்கு இல்லை. எளிமையின் பகைவராகிய சக இதழ்க்காரரும் அந்தப் பரம்பரையின் வாரிசே. பாடவரிசை ஒரு பக்கத்தில் செய்ததை அவர் இருபது பக்கத்தில் செய்து வருகிறார்.

பாடவரிசைக்காரருக்கு ஒரு யோசனை. உலகாயதனாகிய சார்வாகன் அனுமானத்தைப் பிரமாணமாக ஏற்க மறுத்தது ஏன் என்பதை முதற் பாடமாக வையுங்கள். கண்ட புகையிடத்தெல்லாம் நெருப்பிருந்தது, சரி. காணாத புகைக்கும் அப்படியே என்று சொல்ல உனக்கு யார் உரிமை தந்தது என்று அவன் கேட்கிறான். 1739இல் ஹியூம் வேறு மார்க்கத்தில் வந்து ஏறத்தாழ இதே வாசலில் நின்றார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரே அமர்வில் இது புரியும். புரிந்தபின் இரவில் தூக்கம் வராது. இக்கேள்விக்குச் சமாதானம் எழுத விரும்பினால் சக இதழ்க்காரருக்கும் அடுத்த ஏட்டில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பிரதி பதினைந்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.