உடம்பை வைத்துப் பேசிய மொழி

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அரிய ஆங்கிலச் சொற்களைக் கொத்துக் கொத்தாக உருப்போடுகிறார்கள். ஆம்பிடெக்ஸ்டிரஸ், ஆம்பிவலண்ட், ஆம்பிகுவஸ். இரு கைப் பழக்கம் உள்ளவர், இரு மனமாய்த் தவிப்பவர், இரு பொருள் படும் பேச்சு. 'ஆம்பி' என்பது லத்தீனில் 'இருபுறமும்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் மூன்றும் மறக்காது. போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், படிக்கும் நம் பிள்ளைகள் இதையெல்லாம் நன்றாகவே படிக்கிறார்கள். அவர்கள் காலூன்றி நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் பேசப்பட்ட அக-பேயா மொழி, சொல்லின் முதல் அசையிலேயே எவ்வளவு வேலை செய்தது என்பதுதான் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

அந்த மொழியில் 'பெரிங்கா' என்றால் நல்லது. முன்னால் கையைக் குறிக்கும் 'உன்' சேர்ந்தால் உன்-பெரிங்கா: கெட்டிக்காரர். கண்ணுக்குரிய 'இக்' சேர்ந்தால் இக்-பெரிங்கா: கூர்மையான பார்வை உள்ளவர். வாய்க்குரிய 'அக' சேர்ந்தால் அக-பெரிங்கா: மொழிகளில் தேர்ந்தவர். தலை, நெஞ்சோடு தொடர்புள்ள 'ஓட்' சேர்ந்தால் ஓட்-பெரிங்கா: குணவான். நாமும் கைதேர்ந்தவர் என்கிறோம், வாய்ச்சாலகம் என்கிறோம். ஆனால் நமக்கு அது சொல்வழக்கு. அவர்களுக்கு உடம்பே இலக்கணம்.

அக-பேயா, அக-ஜெரு, அக-போ, அக-கேடே என்று கிரேட் அந்தமானிய மொழிகளின் பெயர்கள் பலவும் ஒன்றுபோலவே தொடங்குவதற்கும் இதுதான் காரணம். 'அக' வாய் என்றால், வாயில் பிறக்கும் பேச்சும் அதுதானே.

ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹோரேஸ் மேன் தொகுத்த அக-பேயா அகராதி 1923-இல் நூலாக வந்தது. அகராதி நிலைத்தது, பேசியவர்கள் நிலைக்கவில்லை. 1858-இல் கைதிகளின் குடியிருப்பு வந்தது, கூடவே அம்மையும் மேகநோயும் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர்; 1961-இல் வெறும் 19 பேர். எஞ்சியவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். அக-போ பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். இதே குடும்பத்துச் சாரே மொழியின் கடைசிக் குரலான லிச்சோ 2020 ஏப்ரலில் போய்விட்டார்.

போவாவோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியவர் மொழியியலாளர் அன்விதா அப்பி. கிரேட் அந்தமானிய மொழி உடம்பை ஏழு பகுதியாகப் பிரித்து, பெயர்ச்சொல்லோடு நிற்காமல் வினைக்கும் அந்த அசைகளைச் சேர்க்கிறது என்று காட்டினார். ஆங்கிலமும் இந்தியும் சேர்த்து அவர் செய்த அகராதி இருக்கிறது. கடைசி நேரத்தில் அவர் போய் உட்காராவிட்டால் இதுவும் மிஞ்சியிருக்காது.

மொழியின் தொன்மையை மேடைதோறும் பேசுகிறவர்கள் நாம். பக்கத்துத் தீவில் மொழிகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது நமக்கு உறைக்கவே இல்லை. தீவுப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழாசிரியர்களே, இலக்கண வகுப்பில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உன், இக், அக, ஓட் என்ற நான்கையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அவற்றைப் பேசியவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.