வாய் திறவாத நோயாளி

தாதியரைப் புகழ்வதில் நம்மவர் எவருக்கும் பின்னிற்பதில்லை. மேடை கிடைத்தால் போதும். 'தியாகச் சுடர்', 'வெள்ளுடைத் தேவதை' என்று சொல்மாரி பொழிவர். ஆனால் அத்தாதி வாட்டிலே எதனைப் பார்க்கிறாள், எதனைக் கேட்கிறாள், இத்தனை நோயாளருள் எவர் கட்டிலை நோக்கி முதலில் நடக்கிறாள் என்று வினவுவார் அரியர்.

'முதலில் யாருக்கு?' என்னும் இவ்வினாவே தாதித் தொழிலின் உயிர்நிலை. நமது சமூகம் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. பெரிய மனிதருக்கு முதலில். சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்தவருக்கு முதலில். உரத்துச் சத்தமிடுபவருக்கு முதலில். விஞ்ஞானத்தின் விடையோ வேறு. நெப்போலியனின் படை வைத்தியரான லாரே, காயமுற்றோரைப் பதவி நோக்காது காயத்தின் கடுமை நோக்கியே கவனிக்க வேண்டுமென வகுத்தார். பேரரசன் ஒருவனின் படையிலே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுகோல் செல்லுமாயின், குடியரசொன்றின் வைத்தியசாலையில் அது செல்லாதா?

கடுமையை அறிவது எங்ஙனம்? வீறிட்டழும் குழந்தையைவிட, அழவும் வலுவின்றித் துவண்டு கிடக்கும் குழந்தையே பெரும்பாலும் கூடிய ஆபத்தில் உள்ளது. இருமலோடு வந்த ஆறு மாதக் குழந்தை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுமாயின், தாதி தாமதித்தலாகாது. முதியவருக்கு நோய்த்தொற்றுக் காய்ச்சலின்றி, திடீர் மனத்தடுமாற்றமாக வெளிப்படலாம்; 'வயது போனவர், அலட்டுகிறார்' என்று ஒதுக்குதல் பிழை. நீரிழிவு நோயாளருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரும். பிள்ளை பெற்ற இளந்தாயின் உடல் குருதியிழப்பை நெடுநேரம் மறைத்து வைத்திருக்கும். இரத்த அமுக்கம் வீழும்வரை காத்திராமல் நாடியின் விரைவைக் கவனித்தாக வேண்டும். டெங்கு நோயாளியின் காய்ச்சல் தணிந்ததென உறவினர் மகிழும் நேரமே, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் நேரமாகவும் இருக்கக்கூடும். 2017இல் 180,000க்கு மேற்பட்டோர் டெங்குக்கு ஆளான நாடு இது. எனவே இவ்வறிவு வாட்டுக்குள் மட்டும் அடைபட்டிருத்தல் தகாது.

இவையெல்லாம் உணர்த்துவது ஒன்றே. அதிகம் தேவையுடையவர் அதிகம் ஓலமிடுபவர் அல்லர். அவரைக் கண்டறியக் கூரிய கண்ணும் போதிய நேரமும் வேண்டும். அவற்றோடு நோயாளியின் மொழியும் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவனின் தாயைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றோம். தாதிக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குச் சிங்களத்தில் சில சொற்களே தெரியும். பதினைந்து வயது மகன் மொழிபெயர்த்து நின்றான். எங்கே வலி, எப்போது தொடங்கியது என்பவை ஒருவாறு கடந்தன. குருதிப்போக்குப் பற்றித் தாதி கேட்டதும், தாய் மகனின் முகத்தைப் பார்த்தாள். பின் தலையைக் குனிந்து, "ஒன்றுமில்லை" என்றாள். அந்த 'ஒன்றுமில்லை'யே குறிப்பேட்டில் ஏறியது. அத்தாதியை நாம் குறை கூறோம். அவள் ஒருத்தி, கட்டில்களோ பல. அவளை மொழியின்றி அங்கு நிறுத்திய ஏற்பாட்டையே குறை கூறுகிறோம்.

1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்னும் இருவர் வகுத்த உணர்வுநிலை அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதன் 15 புள்ளிகளில் 5 பேச்சுக்குரியவை. 'எங்கே இருக்கிறீர்கள்? இது எந்த மாதம்?' என்பவற்றுக்குத் தெளிவாக விடை சொல்பவருக்கே அவ்வைந்தும் கிடைக்கும். வினாவே விளங்காதவருக்கு எத்தனை புள்ளி இடுவது? குழம்பியிருப்பது அவர் மூளையா, நமது மொழிக் கொள்கையா?

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆயினும் சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ் எத்தனையோ கட்டில்களின் அருகே இன்னும் வந்து சேரவில்லை.

'வைத்தியத்துக்கு மொழி ஏது? ஊசிக்குச் சிங்களமா, தமிழா?' என்பர் சிலர். ஊசிக்கு மொழியில்லை, உண்மைதான். ஆனால் எந்த ஊசி, எவருக்கு, எப்போது என்று தீர்மானிக்க நோயாளியின் சொல் வேண்டுமே! வலியை அறிய அவர் வாய்மொழியினும் சிறந்த கருவி இன்றுவரை இல்லை. இதனை இனவாதப் பேச்சென்று ஒதுக்குவாரும் உளர். வடக்கின் வாட்டொன்றிலே தமிழ் தெரியாது கிடக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் இதே நியாயத்தையே நாம் கேட்கிறோம்.

இது ஆகாத காரியமுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் கிறீன், மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்நியர் ஒருவருக்கு அன்று இயன்றது, சொந்த அரசுக்கு இன்று இயலாதா?

கட்டில்களின் தொகைக்கேற்பத் தாதியர் வேண்டும். தாதியர் பயிற்சியில் இருமொழியறிவு பெயரளவில் நில்லாது, நோயாளியோடு உரையாடும் அளவுக்கு வளர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத வாட்டை, மருந்து இல்லாத வாட்டைப் போன்றே குறைபாடுடையதாகக் கொள்ள வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. இரண்டாம் மொழியைப் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் கற்பித்து வந்தோமே, அவ்வழக்கத்தை முதலில் கைவிடுவோம். நம் வகுப்பிலிருந்து நாளை ஒரு தாதி போவாள். தாயொருத்தி தன் மகனைக் கொண்டு பேசுவிக்காமல், அவளிடம் நேரே தன் நோவைச் சொல்லட்டும்.