திட்டியவர் ஒருவர், நட்டம் வேறொருவருக்கு

பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி, 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் சமூக வலைத்தளத்தில் அவரை இழிவாக எழுதினார்கள். அது தன் கருத்தல்ல என்று அறிவித்த மாலே அரசு, ஜனவரி 7 அன்றே மூவரையும் இடைநீக்கம் செய்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரத்தை முடியவிடாமல் இழுத்ததில் நம் சுற்றுலாத் தொழிலுக்கும் பங்குண்டு. ஈஸ்மைட்ரிப் நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவை நிறுத்தியது. பயணத்தை ரத்து செய்தவர்களைத் தேசபக்தர்கள் என்று மெச்சினோம். 2023இல் இரண்டு லட்சத்துக்கு மேல் சென்று முதலிடம் பிடித்த இந்தியப் பயணிகள், 2024இல் ஏறத்தாழ 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மாலத்தீவின் மொத்த வருகை 20 லட்சத்தைத் தாண்டியது. முதலிடம் சீனாவுக்குப் போனது. நட்டப்பட்டவர்கள் இந்தியரை நம்பியிருந்த படகோட்டிகளும் விடுதிக்காரர்களும், கமிஷனை இழந்த நம் முகவர்களும்தான்.

அந்த அழுத்தம்தானே அதிபர் முய்சுவை அக்டோபரில் டெல்லிக்கு வரவழைத்தது என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவரைத் துரத்தியது கடனும் டாலர் தட்டுப்பாடும். 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் நாணயமாற்று உதவியோடு திரும்பினார். 2025 ஜூலையில் மாலத்தீவு சுதந்திர தின விழாவுக்கு மோடியே சிறப்பு விருந்தினராகச் சென்றார். அரசுகள் கைகுலுக்கிவிட்டன, இழந்த வாடிக்கையாளரை யார் மீட்டுத் தருவார்? 2014 ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் இணையதளம் ஜெயலலிதாவையும் மோடியையும் கொச்சைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டபோது தமிழ்நாடே கொதித்தது, நியாயமாகவே. கட்டுரை நீக்கப்பட்டது, இலங்கை அரசு இருவரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டது. அவமதிப்புக்கு விடை அப்படித்தான், அரசிடமிருந்து அரசுக்கு வரவேண்டும்.

இன்சொல்லால் மட்டும் என்ன கண்டோம், 2019 அக்டோபரில் வேட்டி கட்டிய மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசைச் சுற்றிக்காட்டிய எட்டு மாதத்தில் கல்வான் மோதல் வந்ததே என்று நம் ஊர்க்காரர்களே கேட்பார்கள். உபசரிப்பு எல்லையைக் காக்காது. காக்கும் என்று நாமும் சொல்லவில்லை. எல்லையில் ரத்தம் சிந்துவது வேறு, ஓர் அரசியல்வாதி வாய்க்கொழுப்பாகப் பேசுவது வேறு. முன்னதற்கு அரசிடம் விசா இருக்கிறது: 2020இல் நின்ற, சீனர்களுக்கான சுற்றுலா விசா 2025 ஜூலையில்தான் மறுபடி திறந்தது. அரசு தடுத்தால் நாம் கட்டுப்படுவோம். அரசு முடிவிலும் அடி கீழே இருப்பவருக்குத்தான். 2022இல் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா நாளன்று, போட்டியின் ஜோதி காஷ்மீர் வழியாகச் சென்றதைக் காரணம் காட்டிப் பாகிஸ்தான் தன் அணியை விலக்கிக்கொண்டது. இந்தியா வந்திறங்கிய வீரர்கள் ஒரு காய்கூட நகர்த்தாமல் திரும்பினார்கள்.

2021-22இல் தாஜ்மகாலைவிட அதிக வெளிநாட்டவர் கண்ட இடம் மாமல்லபுரம். நம் தலைவர் ஒருவர் பேசிய பேச்சுக்காக அவர்களும் இதே ஆயுதத்தை எடுத்தால், முதலில் பட்டினி கிடப்பவர்கள் நம் சிற்பிகளும் வழிகாட்டிகளும்தான். கோவளம் முதல் கல்பாக்கம் வரை விடுதி நடத்துவோரையும் பயண முகவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அரசாணை இல்லாமல் எந்த நாட்டுக்கும் முன்பதிவை நிறுத்தாதீர்கள், எந்த நாட்டவருக்கும் அறை மறுக்காதீர்கள்.