விசா படத்தில் சிரிக்காதீங்க!

"கொஞ்சம் சிரிங்க சார்!" ஸ்டூடியோக்காரரின் இந்தக் கட்டளை கல்யாண ஆல்பத்துக்குச் சரி. வேலை மனுவுக்கும் உதட்டோரம் லேசான சிரிப்பு இருந்தால் அழகுதான். அதே படத்தை அமெரிக்க விசா மனுவிலும் சேர்த்துவிடுவது சிலர் வழக்கம். அங்கேதான் வினை!

விசா படத்தில் முகம் சலனமில்லாமல் இருக்கணும். இரண்டு கண்ணும் திறந்திருக்கணும். மூக்குக் கண்ணாடிக்கு 2016 நவம்பர் முதல் தடை. படம் 6 மாதத்துக்குள் எடுத்ததா என்றும் பார்ப்பார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? படத்தை அதிகாரி மட்டுமா பார்க்கிறார்? விமான நிலையத்தில் இயந்திரமும் முகத்தோடு ஒப்பிடுகிறது. சிரித்தால் கன்னம் உப்பும், கண் சுருங்கும், அளவு மாறிப்போகும். விடிய விடிய விமானத்தில் உட்கார்ந்து வந்து இறங்குபவர் முகத்தில் சிரிப்பா இருக்கும்?

கறுப்பைச் சிவப்பாக்கும் 'டச்சப்'புக்கும் அங்கே இடமில்லை. படம் செல்லாது என்றால் மறுபடி ஸ்டூடியோவுக்கு நடக்கணும்; காசும் தண்டம், நாளும் தண்டம்.